வாளியில் நின்ற தண்ணீர்

மே 11, திங்கள்

அக்னி வெயில். காலையிலேயே உப்பளம் பக்கம் திரும்ப முடியவில்லை, கண் கூசுகிறது. குடிநீர் சுத்திகரிப்பு பிளான்ட்டில் அதே தலைவலி. படிகாரம் போட்டால் அழுக்கு பஞ்சு பஞ்சாகத் திரண்டு தொட்டியின் அடியில் உட்காரணும். இங்கே மேலே மிதந்து, வழிந்து போய் ஃபில்டரை அடைக்கிறது. ஊருக்குத் தண்ணீர் பாதிதான். என் மேஜையில் அதே தண்ணீரைக் கண்ணாடி ஜாரில் ஊற்றிப் படிகாரம் போட்டு ஜார் டெஸ்ட் செய்தால் மட்டும் அழகாகப் படிகிறது.

ஆபரேட்டர் குமார் அண்ணன் மேல் சந்தேகம். நைட் ஷிஃப்டில் படிகாரத்தைக் குறைக்கிறாரோ? கேட்டே விட்டேன்.

"நான் ஏம்மா கொறைக்கப் போறேன்? அது இன்னா எங்க வூட்டுச் சக்கரையா?"

பதினொன்றரைக்கு வீட்டுக்காரர் போன். ஷார்ஜாவில் டீ பிரேக். பக்ரீத் லீவுக்கு ஆபீஸில் பேர் கொடுக்க வியாழன் கடைசியாம். விட்டால் அடுத்த வருஷம்தான்.

"நீ நல்லாத்தானே இருக்கே? அடுத்த வருஷம் வந்தா பரவால்லியா?"

"நல்லா இருக்கேங்க. உங்க சவுகரியம்."

எதற்கு அப்படிச் சொன்னேன்? பைத்தியம்.

மே 12, செவ்வாய்

கோட்டக்குப்பத்திலிருந்து வழியெல்லாம் பஸ்ஸில் நின்றுகொண்டே. மாமிக்குக் கண் சொட்டு மருந்து. காஸ் புக் பண்ணணும். குடைக் கம்பி ஒடிந்தது.

வழக்கம்போல வேலை. குழாய்த் தண்ணீர் வந்து விழுகிற தொட்டி வாயில் ஒரு வாளி மொண்டு வந்து மேஜையடியில் வைத்தாச்சு. அவர் போனுக்குக் காத்திருப்பு. முகம் கழுவி, தொண்டையைச் சரி பண்ணி, அப்புறம்தான் எடுப்பேன். அழுத குரல் கேட்டால் அங்கே வேலை ஓடாது அவருக்கு. பேசி முடித்து டெஸ்ட். படிந்தது, மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர். வெளியே தொட்டியில் பஞ்சு மிதக்கிறது. படிகாரத்தை ஏற்றச் சொன்னேன். ஃபில்டர் இன்னும் சீக்கிரம் அடைத்தது.

லீவு பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் அலமாரியில் அவர் லுங்கி. போன லீவில் அவர் ஏர்போர்ட் போன அன்றே துவைத்து மடித்துவிட்டேன். துவைக்காமல் வைத்திருக்கலாம். கல்யாணமாகி மூன்று வருஷம், கூட இருந்தது ரெண்டு லீவு. வரணும். அவ்வளவுதான். வரணும்.

மே 13, புதன்

பத்து மணிக்கே மெசேஜ்: 'இன்னிக்கு சைட் வேலை, கால் பண்ண முடியாது.' எரிச்சல். காத்திருக்க ஒன்றுமில்லை. வாளியைக் கொண்டு வந்ததும் டெஸ்ட்.

பஞ்சு திரண்டது. உட்காரவில்லை. மெல்ல மேலே ஏறியது. ஜாரோடு முகத்தை ஒட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பஞ்சிலும் பொடிப் பொடியாய்க் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டு, தூக்கிக்கொண்டு போகிறது.

அட. பிளான்ட்டுக்குத் தண்ணீர் எடுக்கிற ஏரியில் மட்டம் இறங்கிப்போச்சு, பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. குழாய் அழுத்தத்தில் அந்தக் காற்று கரைந்து வந்து, தொட்டியில் அழுத்தம் விட்டதும் வெளியே வருகிறது. சோடா மூடி திறந்த கதை. நான் போன் பேசி முடிக்கிற வரைக்கும் வாளி சும்மா நிற்கும். காற்றெல்லாம் போய்விடும். இத்தனை நாளும் அடங்கின தண்ணீரை டெஸ்ட் பண்ணிவிட்டு நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்று எழுதியிருக்கிறேன்.

குமார் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"ஒரு டீ சொல்லும்மா, சரியாப் பூடும்."

பம்பின் உறிஞ்சு குழாயை ஆழத்துக்கு இறக்கணும். நாளைக் காலை ஆள் வருகிறது.

இன்று அவர் குரல் கேட்கவில்லை. வீடு பெரிசாகத் தெரிகிறது.

மே 14, வியாழன்

காலையிலேயே குழாயை இறக்கியாச்சு. பதினொன்று தாண்டிப் போனால், தொட்டியில் மிதப்பது குறைந்திருந்தது. சந்தோஷம். வாளியில் மொண்டு படி இறங்கும்போதே போன். சீக்கிரமே கூப்பிட்டுவிட்டார். முகம் கழுவவில்லை, தொண்டை சரி பண்ணவில்லை.

"எப்டி இருக்கே?"

"நல்லா இல்லீங்க. வாங்க."

அந்தப் பக்கம் கம்ப்ரஸரை நிறுத்துகிற சத்தம்.

"அழுவுறியா?"

"ஆமா."

"இத்தினி நாளா நல்லா இருக்கேன்னுதானே சொன்னே."

"அது பொய்."

"இரு, பேர் குடுத்துட்டு வந்துடுறேன். வெச்சிடாத. இல்ல, வெச்சிடு, லிஸ்ட்ட மூடிடுவான்."

வைத்துவிட்டார். வாளியைக் கீழே வைக்காமல் கொண்டுபோய் ஜாரில் ஊற்றினேன்.