உன் நட்சத்திரமும் அப்பாவின் காலும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ நலமாக இருப்பாய், இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் அப்பாவுக்குக் கால் உடைந்து பதினோரு நாளாகிறது. உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு, போனில் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருக்கிறார், அதனால்தான் இந்தக் கடிதம்.

எல்லாம் உன் நட்சத்திரத்தால் வந்த வினை. ஏழு மணிக்கு உச்சந்தலைக்கு மேல, கொஞ்சம் தெற்கே தள்ளி, ஆரஞ்சு கலர்ல நிக்கும், நான் ஆராய்ச்சி பண்றது அதைத்தான் என்று நீ சொன்னாலும் சொன்னாய், மனுஷன் லேத் பட்டறையிலிருந்து வந்ததும் வராததுமாக மாடிக்கு ஓடினார். நாலு நாள் கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். கேட்டால், அட, உங்க ஊர்ல அது அடிவானத்துக்கிட்டதான் தெரியும், மறந்தே போச்சுப்பா என்று சிரிக்கிறாய். உங்க ஊரா? நீ நடை பழகிய தரையடா இது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ பக்கத்து அடுக்குமாடி மறைக்கிறது என்று மறுநாள் ஏணி போட்டுத் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறிவிட்டார். அன்றைக்குப் பார்த்து ஒரே மேகம். நட்சத்திரம் பார்க்கவென்றே பட்டறையில் கடைந்த பித்தளைக் குழாயைக் கையில் பிடித்தபடி இறங்கியவர் வழுக்கி விழுந்தார். விழுந்து கிடந்தபோதும் குழாய் நசுங்கிவிட்டதா என்றுதான் கேட்டார். அது வயதாகி வீங்கிப்போன நட்சத்திரம் என்றாயாமே. வயதாகி வீங்கிய கால் ஒன்று இங்கேயும் இருக்கிறது, அதையும் கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணு. நாலு வருஷமாக லீவு கிடைக்கவில்லையாம், யாரிடம் காது குத்துகிறாய்?

அடுத்த மாதம் இருபதாம் தேதி மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள். பிரித்ததும் மறுபடி ஏறுவாராம், எலும்பு டாக்டரிடமே சொல்லிவிட்டார். ஏணியை இன்று எதிர்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன். நேற்று வானம் தெளிவாக இருந்தது, முட்டி வலியோடு நானே ஏறிப் பார்த்தேன். இருந்தது, இத்தனூண்டு, அணையப்போகும் தணல் மாதிரி. இதற்காகவா எங்களை விட்டுவிட்டு அங்கே கிடக்கிறாய் என்று தொட்டி மேல் நின்று வாய்க்கு வந்தபடி உன்னைத் திட்டினேன், அழுகையும் வந்துவிட்டது. பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை. அதை அவருக்குக் காட்ட வேண்டியவன் நீ.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள், நூறு வயது நன்றாக இரு. இருபதாம் தேதிக்கு முன் வந்து சேர். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, கால் உடைந்தது உனக்குத் தெரியாது. அப்பாவைப் பார்க்கணும்போல இருந்தது, வந்தேன் என்று சொல். பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

கோபம் தீராத
உன் அம்மா