மோகனூர்க் கரையில் தாங்கள் உண்ணாத மீன்

மதிப்பிற்குரிய என் கணவராகிய தங்களுக்குப் பணிவான வணக்கம். தாங்கள் மறைந்து ஓராண்டு நிறையப்போகும் இவ்வேளையில்தான் இம்மடலை எழுத என்னால் இயன்றது. தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

"கலெக்டருக்கு மனு எழுதறாப்பல எழுதறயே சாமி" என்று தாங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது; நான் தமிழை விடவில்லை. போர்வெல் வண்டியோடு தாங்கள் ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் மாதக்கணக்கில் கிடந்த காலத்திலும் இதே நடையில்தான் எழுதினேன். ஒன்றுக்கும் தாங்கள் பதில் எழுதியதில்லை. ஏதோ ஓர் ஊரின் தொலைபேசிக் கடையிலிருந்து, "கடுதாசி வந்துச்சு. வாரேன்" என்பீர்கள். அவ்வளவுதான்.

இன்று காலை மீன்காரர் நம் வாசலில் பெட்டியைத் திறந்தார். ஆற்று மீனின் வாடை சமையலறை வரை வந்தது. ஞாயிற்றுக்கிழமை தங்களுக்கு முதலாண்டுப் படையல். தங்களுக்குப் பிடித்தவற்றைச் சமைத்து இலையில் வைக்க வேண்டும். முன்கூட்டியே வந்து அதிகாரம் செய்துகொண்டிருக்கும் தங்கள் தங்கை, "அண்ணனுக்கு மீனுன்னா உசுருங்க அண்ணி. நல்ல கெண்டையாச் சொல்லி வெச்சுருங்க" என்றார். என்னால் தலையாட்ட முடியவில்லை. "நாளைக்குச் சொல்றனுங்க" என்று மீன்காரரை அனுப்பிவிட்டேன்.

"ஏனுங்க அண்ணி, இத்தன வருசம் ஆக்கிப் போட்டவுங்களுக்கு இதுகூடத் தெரியாதுங்களா?"

தெரிந்துதான் இருந்தது, மோகனூருக்குப் போகும்வரை.

தாங்கள் வேலையை விட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு ஒரு விண்ணப்பம் வைத்தேன். "காட்டுல நீங்க பொழச்ச மாதிரி ஒரு நாளு என்னையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க." மறுப்பீர்கள் என்றே எண்ணினேன். தாங்களோ தார்ப்பாயையும் தூண்டிலையும் பழைய ஆம்னி வேனில் ஏற்றிவிட்டு, "காலேஜுப் புள்ள டூருக்குக் கெளம்பறாப்பல இருக்குது. பவுடரு போட்டது போதும், ஏறு" என்றீர்கள்.

நாமக்கல்லில் தேநீர். மோகனூரைத் தாண்டிக் காவிரிக் கரையில் வண்டியை நிறுத்தினீர்கள். வேலமரங்களுக்கு நடுவே தார்ப்பாயை இழுத்துக் கட்டிக் கூடாரம் போட்டீர்கள். வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தாமாக எடுத்தறியாத மனிதர், கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டித் தக்காளிச் சோறு ஆக்கினார், சீட்டியும் அடித்தார். இவர் யார் என்று பார்த்தபடி அமர்ந்திருந்தேன்.

தூண்டிலை வீசிய பின் காவிரியின் அழகு குறித்து நான் ஏதோ மொழியத் தொடங்கினேன். "பேசாம இரு. மீனுக்குச் செந்தமிழ் புரியாது" என்றீர்கள்.

சில ஜிலேபிக் கெண்டைகள் கிடைத்தன. தாங்களே செதில் உரசி, மிளகாய் தடவி வறுத்தீர்கள். முள்ளை ஆய்ந்து ஆய்ந்து அத்தனையையும் என் இலையிலேயே வைத்தீர்கள். பிறகு ஆற்று மணலால் கையைத் தேய்த்துக் கழுவி, முகர்ந்து பார்த்து, மீண்டும் கழுவினீர்கள். தாங்கள் உண்டது தக்காளிச் சோறும் ஊறுகாயும் மட்டுமே.

"ஏனுங்க, உங்களுக்கு?"

"நீ தின்னு சாமி."

எனக்கு விளங்கவில்லை. வடக்கிலிருந்து தாங்கள் திரும்பும் ஒவ்வொரு நாளும் மீன் குழம்புதான் வைத்தேன். "இன்னொரு கரண்டி ஊத்து" என்று கேட்டு உண்டவரும் தாங்களே.

வெயில் தாழ்ந்ததும் கரையோர வேலங்காட்டுக்குள் நடந்தோம். தாங்கள் முன்னே முட்கிளைகளை ஒதுக்கிக்கொண்டு போக, நான் பின்னே வந்தேன். மனம் பொறுக்காமல் கேட்டேன்: "ஊட்டுல நான் வெக்கற மீன் கொழம்பு நெசமாவே உங்களுக்குப் புடிக்குங்களா? இல்ல, எனக்காவத் திங்கறீங்களா?"

"முள்ளு கெடக்குது. காலப் பாத்து வெய்."

சற்றுத் தூரம் போய், திரும்பாமலேயே, "வாரியா?" என்றீர்கள்.

"வாரேனுங்க."

மறுநாள் விடிந்ததும் கூடாரத்தை மடித்து வீடு வந்தோம். அடுத்த வாரமே மீன் குழம்பு வைத்துத் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன பாக்கற? இன்னொரு கரண்டி ஊத்து" என்றீர்கள்.

இத்தனை ஆண்டுகளும் எனக்காகத் தாங்கள் பிடிக்காததை உண்டீர்களா? அல்லது அந்த ஒரு நாள் எனக்காகப் பிடித்ததை உண்ணாமல் இருந்தீர்களா? இதற்கு நான் பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா? எதைக் கொண்டு தீர்மானிப்பது என்பதே தெரியவில்லை. நம் மகளோ, "மீனு, தக்காளிச் சோறு ரெண்டையும் வெச்சரலாம்மா" என்கிறாள். பிடிக்காததை இலையில் கண்டால் இனியும் வாய் திறவாமல் உண்டுவிடுவீர்களே என்றுதான் அஞ்சுகிறேன்.

இன்றும் தெருவில் நடக்கையில் எனக்கு முன்னால் ஓர் ஆளுக்கு இடம் விட்டே நடக்கிறேன். சில வேளைகளில் "வாரேனுங்க" என்று சொல்லியும் விடுகிறேன். எதிரில் வருபவர்கள் தம்மிடம் சொன்னதாக எண்ணி வழிவிடுகிறார்கள்.

மீன்காரர் நாளைக் காலை வருவார். இலையில் எதை வைக்க வேண்டும் என்பதை அதற்குள் தெரிவிக்கவும்.