மக்ரூனும் அத்தையின் விரதமும்

புதூர்,
12.8.1982

அன்புள்ள அந்தோணியம்மா அக்காவுக்கு ராதாமணி எழுதுவது. இங்கே நானும், நீங்கள் தம்பி என்று கூப்பிடும் என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டியனும், அத்தையும் சுகம். அங்கே அண்ணாச்சியும் பிள்ளைகளும் சுகமா? தூத்துக்குடியில் ஒரே வளவுக்குள் நாம் குடியிருந்த வீட்டை விட்டு மாமியார் வீட்டுக்கு வந்து எட்டு மாசமாகியும், பக்கத்து வீட்டில் உங்கள் சத்தம் கேட்காமல் எனக்குப் பொழுதே போகவில்லை. இங்கே இன்னும் மழை இல்லை. மழை விழுந்தால்தான் பருத்தி போட முடியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த மக்ரூனால் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான். ஆசைப்பட்டு இங்கேயும் செய்து பார்த்தேன். முட்டையின் வெள்ளைக் கருவை மட்டும் எடுத்து, கை கடுக்கிற வரைக்கும் நுரைக்க அடித்து, பொடித்த சீனியும் முந்திரிப்பருப்பும் சேர்த்து, மணல் பரப்பிய இரும்புச் சட்டிக்குள் வைத்து, மூடி மேல் தணல் போட்டேன். இந்த ஊர் வறட்டுக் காற்றுக்கு நமுத்துப்போகவே இல்லை. டப்பாவில் போட்டு வைத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனேன் பாருங்கள், அதுதான் நான் செய்த கூறுகெட்ட வேலை.

எனக்குப் பிள்ளை தரிக்கிற வரைக்கும் மீன், கறி, முட்டை எதையும் தொடுவதில்லை என்று அத்தை திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்திருக்கிறார்கள். கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மனுஷி! கல்யாணமாகி ஏழு வருஷமாக வெறும் வயிறாக நிற்கிற எனக்காக. நான் குடத்தோடு திரும்பினால், ஐந்தாவது மக்ரூன் வாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது.

“ஏட்டி, பஞ்சுமிட்டாய் மாதிரி கரையுதே, என்னத்தப் போட்டுச் செஞ்ச?” என்று கேட்டார்கள். முட்டையை மட்டும் விட்டுவிட்டு, சீனியும் முந்திரிப்பருப்பும் என்றேன். “எம் மருமவ கைப்பக்குவம் எவளுக்கு வரும்” என்று தெரு முழுக்கச் சொன்னார்கள் அக்கா. ஏழு வருஷத்தில் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. அதற்குப் பிறகு எப்படிச் சொல்ல?

அன்றிலிருந்து ஓயவில்லை. ஒரு நாள் ஏலக்காய் போடச் சொன்னார்கள், ஒரு நாள் சுக்கு. மகனைக் கோவில்பட்டிக்கு அனுப்பி ரோஸ் எசன்ஸ் வாங்கிவரச் சொன்னார்கள். மாசக் கார்த்திகை அன்று முருகன் படத்துக்கு முன்னால் அதைத்தான் படைத்தார்கள். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. தெருக்கோடியில் கோழி வளர்க்கிற பெத்தம்மாள் வீட்டு முட்டையை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவருகிறேன். மிஞ்சுகிற மஞ்சள் கருவைப் பொரித்துக் கரிசல் காட்டுக்குக் கொண்டுபோய் உங்கள் தம்பிக்குக் கொடுக்கிறேன். அவருக்கென்ன, சிரிக்கிறார். “தெரியாமத்தான திங்காவ, விடு” என்கிறார்.

இப்போது கேளுங்கள். எனக்கு நாள் தள்ளி இருபத்தைந்து நாளாகிறது. காலையில் குமட்டுகிறது. அவரிடம்கூடச் சொல்லவில்லை. அத்தைக்குத் தெரிந்தால், விரதத்துக்கு முருகன் இரங்கிவிட்டான் என்று திருச்செந்தூருக்கு ஓடுவார்கள். முறிந்துபோன விரதத்துக்கு அவன் எப்படி அக்கா இரங்கினான்? தெரியாமல் தின்றால் முறியாதா? இல்லை, கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொள்வானா? சொன்னால் அந்த மனுஷி துடித்துப்போவார்கள். சொல்லாமல் இருந்து வயிற்றில் இருக்கிறதுக்கு ஒன்று ஆகிவிட்டால், நானே கெடுத்தேன் என்று ஆகிவிடும். சொல்லிவிடலாம் என்று அவர்கள் முன்னால் போய் நிற்கிறேன். “நாளைக்கு ஏலக்கா போட்டுச் செய்யுதியா தாயி?” என்று கேட்கிறார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு வருகிறேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பதிலில் இதையெல்லாம் எழுதிவிடாதீர்கள். தபால்காரரை உட்காரவைத்து அத்தைதான் முதலில் வாசிக்கக் கேட்பார்கள். சுகம் என்று மட்டும் எழுதுங்கள்.

எங்கள் முருகனிடம் போய்க் கேட்க எனக்கு முகமில்லை அக்கா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது பனிமய மாதாவுக்கு என் பேரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றுங்கள். முட்டையை உடைத்தது ராதாமணிதான், தின்றவர்கள் மேலும் வரப்போகிறது மேலும் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லுங்கள். அந்த அம்மாவும் ஒரு பிள்ளை பெற்றவள்தானே, கேட்பாள்.

உங்களையே நம்பியிருக்கும் தங்கை,
ராதாமணி