இன்னொரு குடும்பத்தின் மாடம்

நவம்பர் 14, வெள்ளி. பர் துபாய்.

இன்னொரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்ட மாடத்தை, என்னைக் கேட்காமல், எனக்காக இடிக்கச் சொல்லித் தச்சரிடம் சொல்லியிருக்கிறான் என் மகன். ஜப்பானில் அவன் வாங்கிய பழைய விவசாய வீட்டை இன்று போனில் காட்டினான். கூரை மாற்றியாகிவிட்டது. பின்னால் முள்ளங்கி முளைத்திருக்கிறது. கீழ் அறை மாடத்தில் ஊதுவத்திச் சாம்பல் அப்படியே கிடந்தது.

"இங்கதான்பா உங்க பாத்ரூம் வருது."

"அது சாமி மாடம்டா."

"வித்தவங்களே வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டாங்க. இப்ப இருக்கிற பாத்ரூம் கொல்லையில. பனியில ராத்திரி அங்க நடப்பீங்களா?"

"நடப்பேன்."

"வரவே மாட்டேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறவரு, எங்க நடப்பீங்க?" என்று சிரித்தான்.

போனை வைத்துவிட்டேன். அவன் அம்மாவின் படம் இந்த வாடகைச் சுவரில்தான் தொங்குகிறது. எனக்குப் பிறகு அதை யார் கழற்றுவார்களோ.

தச்சரை அவன் நாளையே நிறுத்த வேண்டும். மருமகள் அந்தச் சாம்பலைத் துடைக்கக் கூடாது. பாத்ரூம் கொல்லையிலேயே இருக்கட்டும், வழியில் அவன் ஒரு விளக்குப் போட வேண்டும். நான் மீனா பஜாரில் கம்பளிக் காலுறை வாங்க வேண்டும். மாடத்துக்குப் பக்கத்தில் அவன் அம்மா படத்துக்கு ஓர் ஆணி வேண்டும். அதை நானே போய் அடித்துக்கொள்கிறேன்.