நான் எண்ணாத நொடிகள்

ஏப்ரல் 27
வயல்களுக்குத் தண்ணீர் விட்டாயிற்று. கிடங்குக்குப் பின்னால் மண் பாதையில் பழைய கார் பந்தயத்துக்கு மறுபடி பயிற்சி. குறுக்கே ரப்பர் குழாய் கிடக்கும். குறித்த நொடியில் முன்சக்கரம் அதன்மேல் ஏற வேண்டும், முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி போகும். நான் கடிகாரத்தைப் பார்த்து ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணுவேன், ஒரெஸ்தே ஓட்டுவான். இன்று ஒவ்வொரு தடவையும் பிந்தித்தான் ஏறினோம்.

"நீ இழுத்து இழுத்து எண்ணுற, எல்விரா."

கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தானே எண்ணுகிறேன்?

மே 2
சமையலறையில் தனியாக உட்கார்ந்து கடிகாரத்தோடு எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சரி என்று எனக்குத் தோன்றுவதே கோளாறாக இருந்தால்? அறுபத்து மூன்று வயதாகிறது. பயமாக இருக்கிறது.

மே 5
ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவன் அக்கா மகன் துல்லியோ வந்தான். வாத்துக்கறி சலாமியை நறுக்கிக்கொண்டே ஒரெஸ்தே சொல்கிறான்: "ஜூன் பந்தயத்துக்கு நீ வந்து பக்கத்துல உக்காருடா. உங்க அத்தை நாக்கு துருப்பிடிச்சுப் போச்சு."

துல்லியோ சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமா சும்மா சொல்றாரு அத்தை" என்றான்.

சும்மா இல்லை. எனக்குத் தெரியும். பதினெட்டாம் தேதி நடக்கிற லொமெல்லினா சுற்றுப் பந்தயம்தான் எனக்குக் கடைசி. அந்த லான்சியா கார் அவன் அப்பாவுடையதாக இருக்கலாம், அதன் இடப்பக்க இருக்கை என்னுடையது. அதுவும் போனால் எனக்கு என்ன மிச்சம்? நெல்லும் கொசுவும்.

மே 11
நான்கு நாளாக அவனோடு பேசவில்லை. அவன் அதைக் கவனித்த மாதிரியே இல்லை.

மே 18
காலையில் எல்லாக் குழாய்களிலும் பிந்தினோம். மொர்த்தாரா ஊர் நிறுத்தத்தில் பந்தய அட்டையில் முத்திரை வாங்கும்போது ஒரெஸ்தே அங்கிருந்தவர்களிடம், "நம்ம வீட்டம்மாவுக்கு இன்னும் தூக்கம் கலையல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த சோதனை வாய்க்கால் கரையில், இரண்டு பக்கமும் நீர் நிறைந்த வயல். ஒரு டிராக்டர்காரர் ஒதுங்கி வழிவிட்டார். "ஐந்து" என்றேன். "நான்கு" என்றேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். வேண்டுமென்றேதான். போடா, நீயே எண்ணிக்கொள்! சக்கரம் குழாயில் ஏறி இறங்கியது. கத்தப் போகிறான் என்று காத்திருந்தேன்.

அவன் என் முழங்காலைத் தட்டினான். "பாத்தியா? இப்பதான் ஒழுங்கா எண்ணியிருக்க."

கேலி செய்கிறானா என்று பார்த்தேன். இல்லை, நிஜமான சந்தோஷம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒரெஸ்தே, வண்டி தீப்பிடிச்சிருச்சு" என்றேன். அவன் பாட்டுக்குச் சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினான்.

மே 19
நேருக்கு நேர் நின்று கேட்டேன். "எப்பலேர்ந்து காது கேக்கல?"

முதலில் கோபப்பட்டான். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான், திரும்ப உட்கார்ந்தான். ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து மேசையெல்லாம் துகள்.

"குளிர்காலத்துலேர்ந்து. துல்லியோவோட கட்டைக்குரல் என்ஜின் சத்தத்துலயும் கேக்குது. உன் குரல்தான் முதல்ல போச்சு."

"அதைச் சொல்லித் தொலைச்சா என்ன?"

"உன்கிட்ட போயி எப்படிடி சொல்றது?"

அதைச் சொல்ல முடியாமல்தான் என்னை ஊர் முன்னால் மந்தமாக்கினானாம். பாவி. என்னை நானே சந்தேகப்பட்டு எத்தனை நாள் சமையலறையில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன்! அழுதேன். அவனுக்காகவா, எனக்காகவா, தெரியவில்லை. கோபம் இன்னும் போகவில்லை.

மே 23
காது டாக்டரிடம் போனோம். கருவி கொடுத்தார். வீட்டில் பரவாயில்லை. வண்டியைக் கிளப்பியதும் பிடுங்கிவிட்டான், என்ஜினைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லையாம்.

"துல்லியோவையே கூட்டிட்டுப் போ" என்றேன். மனதார இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாமல்: "எண்ணுறதுக்குக் காது எதுக்கு? கண்ணு போதும். நீ எண்ணு, நான் ஓட்டுறேன்."

"எங்கப்பா வண்டியையா?"

"உங்கப்பா வண்டியைத்தான்."

எழுந்து வயல் பக்கம் போய்விட்டான். சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை.

மே 30
இடது தொடை கழன்றுவிடும் போலிருக்கிறது. கிளட்சா அது! அவன் "கியரு, கியரு" என்று போடுகிற கத்தலில் வயலில் ஒரு நாரை மிச்சமில்லை.

ஜூன் 15
ஐம்பத்தொன்றாவது இடம். இவ்வளவு பின்னால் நாங்கள் வந்ததே இல்லை. தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால் தொண்டை கிழியக் கத்தி எண்ணினான். சாலையோரம் நின்றவர்களும் சேர்ந்துகொண்டு "மூணு, ரெண்டு, ஒண்ணு" என்று கத்தினார்கள்.

கடைசிக் குழாயில் படுமோசமாகப் பிந்தினோம். அவன் சரியாகத்தான் எண்ணினான், நான்தான் மிரண்டுபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். வண்டியை ஓரங்கட்டினேன். அவன் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். முகம் வெளிறியிருந்தது.

"நான் இழுத்து எண்ணிட்டேனா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அப்படியே நம்பியிருப்பான்.

உதடு தெரிகிற மாதிரி அவன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து சொன்னேன்: "இல்ல. என் கால்தான் லேட்டு."