மைரேயின் காலி உறை

கூமோ,
வெள்ளிக்கிழமை காலை

என் செல்ல மகள் ஹில்காவுக்கு,

அப்பா நலம். முட்டி மட்டும் மழைக்கு முன்னால் தகவல் சொல்கிறது. லிஸ்பனில் இன்னும் வெயில் என்று நேற்று போனில் சொன்னாய். நானும் இங்கே முதல் உறைபனி விழுந்த கதையையும் கார் டயர் கதையையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உண்மையில் போனை எடுத்தது அதற்காக இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பாதியில் படிப்பை விட்டு மர லாரி ஓட்டப் போனவன் நான். நீ உட்கார்ந்துகொண்டு படி. எனக்கு இன்னும் அதிர்ச்சி தெளியவில்லை.

மைரேயை உனக்கு நினைவிருக்கும். பள்ளியில் வியாழக்கிழமைதோறும் உனக்குப் பட்டாணி சூப் ஊற்றியவள். ஓய்வு பெற்றுவிட்டாள். இந்த இலையுதிர் காலத்தில் தனியாகக் காட்டுக்குள் நடந்து, கூடாரம் போட்டுத் தங்கப் போகிறாளாம். அதற்கு ஒரு கத்தி வேண்டும், மடக்குக் கத்தி வேண்டாம், நல்லதாகப் பார்த்துக் கொடு என்று என்னிடம் கேட்டாள். யாராவது கத்தி பற்றிக் கேட்டால் உன் அப்பாவுக்குப் பேராசிரியர் பதவி கிடைத்த மாதிரி.

கோடை முழுக்க இதே வேலை. முதலில் முழங்கை நீளத்துக்கு ஒன்றை வாங்கி வந்தேன். முதுகில் ரம்பப் பல் வேறு. அதில் மீன் அறுக்கப் போய்க் கட்டைவிரலை அறுத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு பென்ட்டி பார்த்துவிட்டு, "டேய் வெய்க்கோ, கரடிக்குச் சவரம் பண்ணப் போறியா?" என்று கேட்டான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒழுங்காகத் தேடினேன். அலகின் நீளம் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம்தான் அதிகம். துருப்பிடிக்கும் எஃகுதான், ஆனால் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும். முதுகு விளிம்பு மழுங்காமல் இருப்பதால் தீ மூட்டும் உலோகக் கோலில் உரசினால் பொறி கொட்டும். அலகின் வால் பிடியின் கடைசிவரை போகிறது. விறகு பிளக்க மேலே கட்டையால் தட்டினாலும் ஆடாது. பிடியை மட்டும் நானே பிர்ச் மரத்தில் செய்தேன், பனியில் உலோகம் மாதிரி கையைக் கடிக்கக் கூடாதே என்று. அளவுக்காக அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். இடது கைக்காரி. அளவுக்காகத்தான் பிடித்தேன். பென்ட்டி அதற்கும் இருமினான்.

உறையைத் தானே தைப்பதாக மைரே சொல்லிவிட்டாள். மாலை வகுப்பில் தோல் வேலை கற்கிறாள். அலகை அட்டையில் வரைந்து கொடுத்தேன்.

போன ஞாயிறு, ஏரிக்கரையில் முன்பக்கம் திறந்த அந்தச் சாய்குடிலில் வேட்டைக் கழகத்துக்காரர்கள் எல்லோரும் விறகு அடுக்கப் போயிருந்தோம். மைரேயும் வந்தாள், இடுப்பு வாரில் காலி உறையோடு. என் தலையில் ஒரே ஒரு கவலைதான்: கத்தி அதில் சரியாக உட்காருமா? குனிந்தேன். அவள் இடுப்பில் தொங்கிய உறைக்குள் கத்தியை அப்படியே செருகினேன். டக்கென்று உட்கார்ந்தது. பெருமையாக நிமிர்ந்து பார்க்கிறேன், எல்லோரும் விறகைக் கையில் பிடித்தபடி என்னையே பார்க்கிறார்கள். தணலில் தொத்திறைச்சி வெடித்துக் கருகுவதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

பென்ட்டிதான் வாயைத் திறந்தான். "அடப்பாவி, ஊரைக் கூட்டி வச்சுப் பொண்ணு கேட்டுட்டியேடா."

ஹில்கா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் கொள்ளுத்தாத்தா காலத்தில், கல்யாண வயதுப் பெண் இடுப்பில் காலி உறை கட்டிக்கொண்டு வருவாள். பிடித்தவன் அதில் தன் கத்தியைச் செருகுவான். கத்தியை அவள் வைத்துக்கொண்டால் சம்மதம், திருப்பிக் கொடுத்தால் இல்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை. கோடையில் சுற்றுலாக்காரர்களை அதே குடிலில் உட்கார வைத்து இந்தக் கதையை அபிநயத்தோடு சொல்கிறவனே நான்தானே.

மைரே குனிந்து உறையைப் பார்த்தாள். "நல்லாத்தான் உட்கார்ந்திருக்கு" என்றாள். காபியைக் குடித்து முடித்து, கத்தியோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நேற்று மாவில் புளுபெர்ரிப் பழம் வைத்துப் பை சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். அந்தக் கத்தியாலேயே வெட்டினாள். இரண்டாவது துண்டு வைக்கும்போது, "பிடி கொஞ்சம் தடிமனா இருக்கு வெய்க்கோ. இழைச்சுத் தா" என்று கத்தியை மேஜைமேல் வைத்தாள். காலி உறையை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு போனாள். அவள் போன பிறகுதான் உனக்குப் போன் பண்ணினேன்.

பென்ட்டியிடம், திருப்பிக் கொடுத்துவிட்டாள், அவ்வளவுதான் என்றேன். "திருப்பிக் குடுக்க வர்றவ பை சுட்டு எடுத்துட்டு வருவாளாடா, மரமண்டை?" என்கிறான். எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று எழுதும்போதே முகம் சுடுகிறது. இந்த வயதில் இது என்ன கூத்து.

வாசலில் உன் அம்மாவின் மீன் கத்தி அவள் மாட்டிய ஆணியிலேயே தொங்குகிறது. தினமும் பார்க்கிறேன். அதை யாருக்காகவும் எடுக்கமாட்டேன், அது உனக்குத் தெரிய வேண்டும். அம்மா போன பிறகு இந்த வீட்டில் நான் யாருக்காகவும் இரண்டாவது கோப்பை கழுவி வைத்ததில்லை. நேற்று வைத்தேன். அவள் வருவதற்கு முன்பே.

பிடியை இழைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். இடது கைக்கு இப்போது சரியாக இருக்கும். மாதக் கடைசி ஞாயிறு அன்று மைரே நடைப்பயணம் கிளம்புகிறாள். வழியனுப்ப எல்லோரும் குடிலுக்கு வருகிறோம். அன்று கத்தியைக் கொடுத்தாக வேண்டும். இந்தத் தடவை கவனமில்லாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

அதற்குள் இந்தக் கடிதம் உன்னிடம் வந்துவிடும். படித்ததும் போன் பண்ணு. நான் மறுபடியும் டயரைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்திவிடு. நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கத்தியை அவள் கையில் கொடுத்துவிடுவேன். கையில்தான், உறையில் இல்லை. உனக்கு வருத்தம் தருகிற எதையும் நான் செய்யமாட்டேன். யோசித்துச் சொல், கண்ணு. ஆனால் ரொம்ப நாள் யோசிக்காதே.

நன்றாகச் சாப்பிடு. கடல் காற்றில் தலையை மூடிக்கொள். நீ எங்கே இருந்தாலும் உன் அடுப்பு அணையாமல் இருக்கட்டும்.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா,
வெய்க்கோ