அம்மா ஆமென் சொல்லும் பெயர்

தம்பிக்கு,

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவின் தலையில் எண்ணெய் ஊற்றி ஜெபித்தபோது வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, நான், என் வீட்டுக்காரரான உன் மாமா, என் மகள் ஜெயப்பிரியா, உன் பையைத் தூக்கி வந்த டிரைவர். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னாய்: "நான் அபிஷேகம் வாங்கினவன்மா. இனிமே உனுக்கு மாத்திரை வோணாம்."

நீ ஊற்றியது உத்திரமேரூர் பஜாரில் நான் வாங்கிய தேங்காய் எண்ணெய். வேதத்தை நானாகவே எழுத்துக் கூட்டிப் படித்த எனக்கே தெரியும், கிறிஸ்து என்றால் அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்று. வாலாஜாபாத்தில் ஜெபக்கூட்டத்துக்குப் பேனர் கட்டி நீ மாட்டிக்கொள்ள அது பட்டம் அல்ல. அவர் ஒருவரே இரட்சகர் என்பதால்தான் நாம் யாரையும் இரட்சிக்கத் தேவையில்லை என்ற நிம்மதி நமக்கு. உனக்கு அந்த நிம்மதி போதவில்லை.

தினம் இரண்டு சர்க்கரை மாத்திரை. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது நாளில் பதினெட்டும் அட்டையிலேயே இருக்கின்றன. அம்மாவின் காலில் புண் வந்துவிட்டது.

நேற்று அம்மா ஜெபத்தை முடிக்கையில், இயேசுவின் நாமத்தில் என்று சொல்லவேண்டிய இடத்தில், "என் புள்ள நாமத்துல, ஆமென்" என்றாள்.

உன் மாமா சிரித்தார். "இன்னாடி, உன் தம்பி கர்த்தருக்குப் பதிலா கையெழுத்து போட்டுக்கினு கீறானா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் சொல்லியும் அவள் கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பாள். போன் போட்டு, "அம்மா, நான் கிறிஸ்து இல்லை, மாத்திரையைப் போடு" என்று சொல். மைக்கில் மணிக்கணக்காகக் கத்தும் வாய்க்கு இந்த ஒரு வரி வராதா?

கடிதம் கிடைத்த அன்றே பதில் சொல்.

உன் அக்கா